டாக்டருக்குப் படிக்காதவர் மருத்துவ அறவியலில் ஆராய்ச்சி செய்யலாமா?

கேள்வி: சமூகவியலில் எம்.ஏ. முடிக்கப் போகிறேன். பயோஎதிக்ஸ் எனப்படும் மருத்துவ அறவியலிலும் அதை ஒட்டிய மருத்துவ மனிதவியலிலும் ஆராய்ச்சி செய்ய ஆசை. "எது சரி, எது தப்புன்னு சொல்றதுக்கு ஒரு படிப்பா?" என்று கேட்கிறார் அப்பா. டாக்டருக்குப் படிக்காத நான் இதில் என்ன செய்துவிட முடியும்? இதனால் நோயாளிக்கு ஏதாவது பயன் உண்டா?

பதில்:

அப்பா கேட்டது நியாயமான கேள்வி. இந்தத் துறையில் இருக்கிற பலர் தங்களைக் கேட்டுக்கொள்ளாத கேள்வியும் கூட. சரி, தப்பு என்று தீர்ப்புச் சொல்வதற்கு யாரும் முனைவர் பட்டம் வாங்க வேண்டியதில்லை. ஒரு தீர்ப்பு எந்தத் தகவலை நம்பி நிற்கிறது, அந்தத் தகவல் உண்மையா, அதில் யாருடைய பேச்சு விடுபட்டிருக்கிறது என்று தேடிப் போவதுதான் இங்கே ஆராய்ச்சி. அப்படித் தேடிப் போனவர்களில் பலர் டாக்டர்கள் இல்லை.

துறையின் வரலாற்றைப் பாடப்புத்தகங்கள் எல்லாம் ஒரே வரிசையில் சொல்லும். நாஜி மருத்துவர்கள் மீதான விசாரணையை அடுத்து 1947இல் வந்த நியூரம்பர்க் நெறிகள். அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, கறுப்பின ஆண்களின் சிபிலிஸ் நோய்க்கு மருந்து இருந்தும் கொடுக்காமல் வெறுமனே கவனித்துக்கொண்டிருந்த ஆய்வு. அது வெளியே தெரிந்து நாடே கொதித்த பிறகு, மனிதர்களை வைத்து ஆய்வு செய்வதற்கான நெறிகளைச் சொன்ன பெல்மாண்ட் அறிக்கை, 1979இல். அதே ஆண்டில் அமெரிக்க அறவியல் அறிஞர்கள் பீச்சம், சில்ட்ரஸ் இருவரும் வகுத்துக் கொடுத்த நான்கு கோட்பாடுகள்: நோயாளியின் தன்னுரிமை, நன்மை செய்தல், தீங்கு செய்யாதிருத்தல், நீதி. இதை ஒரு வாரத்தில் படித்துவிடலாம். படித்த பிறகும் உங்கள் அப்பாவின் கேள்விக்குப் பதில் கிடைக்காது. அதற்கு நம் ஊர் விவகாரம் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்: சிறுநீரக விற்பனை. உலக அளவில் அறவியல் அறிஞர்கள் பல ஆண்டுகள் மல்லுக்கட்டிய விஷயம். அதில் சான்றாக நின்றவர்கள் பெரும்பாலும் சென்னையின் ஏழைப் பெண்கள்.

1980களில் சைக்ளோஸ்போரின் என்ற மருந்து புழக்கத்துக்கு வந்தது. உடல் அந்நிய உறுப்பை எதிர்த்துத் தள்ளிவிடுவதை அது அடக்கி வைக்கும். அதற்கு முன்பு சிறுநீரகம் வேண்டுமென்றால் திசு நன்றாகப் பொருந்துகிற அண்ணன், தம்பி, அம்மா என்று பெரும்பாலும் ரத்த உறவில்தான் தேட வேண்டும். இந்த மருந்து வந்ததும் முன்பின் தெரியாதவரின் சிறுநீரகமும் போதும் என்றாகிவிட்டது. வாங்க ஆள் இருந்தது, விற்கவும் ஆள் கிடைத்தது. சென்னையின் வில்லிவாக்கத்துக்கு 'கிட்னிவாக்கம்' என்றே பட்டப்பெயர் விழுந்தது. 1994இல் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் வந்து விற்பனை குற்றமானது. விற்பனை நின்றுவிடவில்லை.

இங்கேதான் அறிஞர்கள் நுழைகிறார்கள். 1998இல் லான்செட் என்ற மருத்துவ இதழில், ஜேனட் ராட்கிளிஃப் ரிச்சர்ட்ஸ் என்ற தத்துவ அறிஞரும் அவரோடு சேர்ந்த மருத்துவர்களும் பிறரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். சிறுநீரக விற்பனைக்குத் தடை போடுவதை நியாயப்படுத்த வேண்டிய பொறுப்பு தடை போடுகிறவர்களுடையது என்பது அவர்கள் வாதம். நோயாளி செத்துக்கொண்டிருக்கிறார், ஏழைக்குப் பணம் தேவைப்படுகிறது. ஏழைக்கு ஏற்கெனவே வழிகள் குறைவு, இருக்கிற ஒன்றையும் அடைத்துவிட்டால் அவர் நிலை மேலும் மோசமாகத்தானே ஆகும்? வறுமை உங்களை உறுத்துகிறது என்றால் வறுமையைப் போக்குங்கள், விற்பனையைத் தடுக்காதீர்கள். இந்த வாதத்தை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். சட்டென்று உடைத்துவிட முடியாது. "சேச்சே, உறுப்பை விற்பதா" என்று முகம் சுளிப்பது அதற்குப் பதில் ஆகாது. அந்தக் கட்டுரையின் முடிவோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனாலும் மாணவர்களுக்கு அதைத்தான் முதலில் கொடுப்பேன். எதிர்வாதத்தை அதன் முழு வலிமையோடு எதிர்கொள்ளத் தெரியாதவர் இந்தத் துறைக்கு ஆக மாட்டார்.

அந்த வாதம் ஒரு தகவலை நம்பி நிற்பதைக் கவனித்தீர்களா? 'விற்பதால் ஏழைக்கு நன்மை' என்ற தகவல். விற்றவரிடம் போய்க் கேட்டால்தான் அது மெய்யா பொய்யா என்று தெரியும்.

இரண்டு விதமாகப் போய்க் கேட்டார்கள். முதலாவதாகப் போனவர் லாரன்ஸ் கோஹன், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மானுடவியலாளர். சென்னையில் சிறுநீரகம் விற்ற பெண்களோடு உட்கார்ந்து பேசி, 1999இல் எழுதினார். அந்தப் பெண்களுக்கு இருந்தது பெரிய தழும்பு. சிறு துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி வருவதற்கு முந்தைய அறுவை என்பதால், விலாவுக்குக் கீழே இடுப்போரமாக முதுகுப் பக்கத்திலிருந்து முன்வயிறு வரை ஓடும். வலி எங்கே என்று பேச்சு வந்தபோது ஒரு பெண் அந்த இடத்தைக் காட்டினார். கையில் காசு தீர்ந்ததும் கணவன் அடிப்பது அங்கேதான் என்றார். எந்த மருத்துவப் படிவத்திலும் இந்தப் பதிலை எழுத ஒரு கட்டம் இல்லை.

கோஹன் பார்த்த இன்னும் இரண்டு விஷயங்கள் முக்கியமானவை. அந்தப் பெண்களில் பலருக்குக் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் ஏற்கெனவே ஆகியிருந்தது. குடும்பத்துக்காக ஆபரேஷன் மேசையில் படுக்க வேண்டியது பெண் என்ற வழக்கம் சிறுநீரகத்துக்கு முன்பே வந்துவிட்டது. அடுத்தது கடன். சிறுநீரகம் விலை போகிற பகுதி என்று தெரிந்துவிட்டால், வட்டிக்கு விடுகிறவர் அதையும் ஈடாகக் கணக்குப் போடுகிறார், வசூலில் கெடுபிடி கூடுகிறது. லான்செட் வாதம் வாங்குபவர், விற்பவர் என்று இரண்டே பேரை வைத்துத் தராசில் நிறுத்தியது. கடன் கொடுத்தவர் அந்தப் படத்திலேயே இல்லை. அவரையும் உள்ளே கொண்டுவந்தால் கணக்கே மாறிவிடுகிறது. ஒருத்தி விற்கும்போது, விற்காத பக்கத்து வீட்டுக்காரிக்கும் நெருக்கடி ஏறுகிறது. 'ஒரு வழி கூடுதலாகக் கிடைத்தது' என்பது அப்போது முழு உண்மை ஆகாது.

ஒரு மானுடவியலாளர் சில பேரிடம் பேசி எழுதியதை வைத்துச் சட்டம் போட முடியுமா என்று கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். இரண்டாவது விதம் இங்கே வருகிறது. 2001இல் மாதவ் கோயல் என்ற மருத்துவரும் சக ஆய்வாளர்களும் சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைத் தேடிப்பிடித்துப் பேட்டி கண்டார்கள். அடுத்த ஆண்டு ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் முடிவுகள் வந்தன. விற்றுச் சராசரியாக 6 ஆண்டுகள் ஆனவர்கள் அவர்கள். பத்தில் ஏழு பேர் பெண்கள். 96 சதவீதம் பேர் விற்றது கடனை அடைக்க. கைக்கு வந்தது சராசரியாக 1,070 டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 50,000 ரூபாய். பேசிய தொகை அதைவிட அதிகம். விற்ற பிறகு குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. கடனை அடைக்க விற்றவர்களில் நான்கில் மூன்று பேர் அப்போதும் கடனில் இருந்தார்கள். 86 சதவீதம் பேர் உடல்நிலை முன்பைவிட மோசம் என்றார்கள். இன்னொருவர் விற்கப் போகிறேன் என்றால் வேண்டாம் என்றுதான் சொல்வோம் என்றவர்கள் 79 சதவீதம்.

கடனை அடைக்க விற்றார்கள், கடன் அடையவில்லை. 'ஏழைக்கு நன்மை' என்ற வாதத்தின் அடித்தளத்தை அறநூல் எதையும் மேற்கோள் காட்டாமலே இந்தக் கணக்கு ஆட்டிவிட்டது.

இந்த ஆய்வை ஆதரிக்கிற நானே இதன் குறைகளையும் சொல்ல வேண்டும். விற்காத ஏழைக் குடும்பங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. ஆறு ஆண்டுக்கு முந்தைய வருமானத்தை நினைவிலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். வசதியாகி இடம் மாறிப் போனவர் கண்ணில் பட்டிருக்க மாட்டார், செத்துப்போனவரும்தான். விற்பனை ஆதரவாளர்களிடம் இதைவிட வலுவான பதில் ஒன்று உண்டு. "இந்தத் துன்பமெல்லாம் கள்ளச் சந்தையால் வந்தது. சட்டப்படி அனுமதித்து, நியாயமான விலையும் பிற்கால மருத்துவ உதவியும் கொடுத்தால் வராது" என்பார்கள். அதற்கும் போய்ப் பார்க்க ஓர் இடம் இருந்தது. ஈரானில் 1988 முதல், சிறுநீரகம் கொடுத்தவருக்குப் பணம் கொடுப்பது அரசு ஒழுங்குபடுத்திய முறையாகவே நடக்கிறது. அங்கே விற்ற 300 பேரை ஜவாத் சர்கூஷி என்ற மருத்துவர் ஆராய்ந்து 2001இல் எழுதியதைப் படித்தால், சென்னையில் கேட்ட அதே குரல் கேட்கிறது: தீராத கடன், சரிந்த உடல்நலம், வெளியே சொல்ல வெட்கம். ஒழுங்குபடுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் அவ்வளவு எளிதாக நிற்கவில்லை. வாதம், தகவல், மறுவாதம், மீண்டும் தகவல் என்று இப்படித்தான் இந்தத் துறை நகர்கிறது. மெதுவாக நகர்கிறது என்பது உண்மை.

இனி நான்கு கோட்பாடுகளுக்கு வருவோம். விற்ற பெண்ணிடம் சம்மதக் கையெழுத்து இருந்தது. தன்னுரிமை என்ற கட்டத்தில் டிக் போட்டாயிற்று. 1994 சட்டம் ஒரு வாசலையும் திறந்தே வைத்திருந்தது. நெருங்கிய உறவில்லாதவரும் பாசத்தாலோ பற்றாலோ வேறு சிறப்புக் காரணத்தாலோ உறுப்பு தரலாம், அங்கீகாரக் குழு ஒப்புதல் கொடுத்தால் போதும். குழுவின் முன் வந்து உட்கார்ந்தவர்கள் புரோக்கர் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னார்கள். இவர் வீட்டில் பல வருஷமாக வேலை பார்க்கிறேன், கூடப் பிறந்தவர் மாதிரி என்று. சென்னையின் மூத்த சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி, விற்பனையைத் தடுக்க வந்த சட்டமே அதற்கு முத்திரை குத்தித் தருகிற கதையைத் தன் மருத்துவ இதழ்ப் பத்திகளில் வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். தொழில் உள்ளே இருந்துகொண்டு சக மருத்துவர்களைக் கேள்வி கேட்பதற்குத் தனித் துணிவு வேண்டும். அந்த எழுத்தையும் நான் அறவியல் புலமை என்றுதான் கருதுகிறேன், அதில் கோட்பாட்டுப் பெயர்கள் இல்லாவிட்டாலும்.

நோயாளிக்கு என்ன பயன் என்று கேட்டீர்கள். கட்டுரைகள் விற்பனையை நிறுத்திவிடவில்லை. சுனாமிக்குப் பிறகு வடசென்னை எர்ணாவூர் குடியிருப்பில் மீனவப் பெண்கள் சிறுநீரகம் விற்றது 2007 தொடக்கத்தில் வெளியே வந்தது. 2025 ஜூலையில் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளர்கள் விற்ற செய்தி வந்தது. அங்கேயும் காரணம் கடன்தான். ஆனால் நடந்தவை வேறும் உண்டு. இறந்தவரின் உறுப்புகளை நம்பிய முறை ஒன்றைத் தமிழ்நாடு 2008இல் அரசாணைகள் மூலம் கட்டியெழுப்பியது. யாருக்கு உறுப்பு என்பதை மருத்துவமனையின் விருப்பத்துக்கு விடாமல் பொதுவான காத்திருப்புப் பட்டியலின்படி முடிவு செய்தார்கள். சென்னையில் 1997இல் தொடங்கிய மோகன் ஃபவுண்டேஷன், மூளைச்சாவு அடைந்தவரின் குடும்பத்தோடு பேசுவதற்கென்றே ஒருங்கிணைப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. பின்னர் 2011 திருத்தச் சட்டம் அப்படி ஒருவர் மருத்துவமனையில் இருந்தே ஆக வேண்டும் என்றது. 2023 செப்டம்பரில், உறுப்பு தந்தவருக்கு அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. உயிரோடு இருக்கும் ஏழையை எதிர்பார்த்து நிற்காமல் சிறுநீரகம் கிடைக்க ஒரு வழி பிறந்தது. டயாலிசிஸில் இருக்கிற நோயாளிக்கு அது பயன்தான்.

உங்களுக்கு வேலை மிச்சமிருப்பதும் இங்கேதான். இந்தியாவில் 1995 முதல் 2021 வரை உறுப்பு பெற்றவர்களில் ஐந்துக்கு நான்கு பேர் ஆண்கள். உயிரோடு இருந்து கொடுக்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள், மனைவியும் அம்மாவும். இதில் விற்பனை இல்லை, புரோக்கர் இல்லை, சட்டப்படி எல்லாம் சரி. "அவர் சம்பாதிக்கிறவர், நான் வீட்டில்தானே இருக்கிறேன்" என்று ஒரு மனைவி சொல்லும்போது அது அன்பா, கட்டாயமா, இரண்டும் கலந்ததா? கேள்வித்தாள் கொடுத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. அந்த வீட்டில் யார் முதலில் பேச்செடுத்தார், மாமியார் என்ன சொன்னார், அண்ணன் தம்பிகள் ஏன் பரிசோதனைக்குக்கூட வரவில்லை என்று கேட்டு எழுத, குடும்பம் என்றால் என்னவென்று படித்தவர் வேண்டும். சமூகவியல் படித்த உங்களுக்கு இதில் டாக்டரைவிடக் கூடுதல் தகுதி உண்டு. அரசு மருத்துவமனையின் விபத்துப் பிரிவில், மகன் பைக் விபத்தில் மூளைச்சாவு அடைந்த அன்றே ஒப்புதல் கேட்கப்படும் பெற்றோருக்கு அந்தப் பேச்சு எப்படிக் காதில் விழுந்தது, ஐந்து வருடம் கழித்து அதை எப்படி நினைக்கிறார்கள் என்பதையும் தமிழில் யாராவது பொறுமையாகக் கேட்டு எழுத வேண்டும்.

மருத்துவ மனிதவியல் என்பது இந்த வேலையின் இன்னொரு கை. நோயை இலக்கியம், வரலாறு, நாடகம், தத்துவம் வழியாகப் பார்ப்பது. அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ரீட்டா சாரோன் நோயாளி சொல்லும் கதையைக் கேட்கப் பழக்குவதையே ஒரு பயிற்சியாக்கினார். டெல்லியில் பல்கலைக்கழக மருத்துவ அறிவியல் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் 2009இல் ஒரு குழுவாகச் சேர்ந்து, மருத்துவ மாணவர்களிடம் நாடகத்தைக் கொண்டுபோனார்கள். 2019இல் நாடு முழுக்க வந்த புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் மனப்பாங்கு, அறம், தகவல்தொடர்புக்கென்று தனிப் பகுதியே இருக்கிறது. அதை நடத்த ஆள் பற்றாது. பல கல்லூரிகளில் அதற்குக் கிடைப்பது யாரும் வேண்டாம் என்று விட்ட பீரியட்தான். இது எனக்கு வருத்தமும் கோபமும் தருகிற விஷயம்.

எங்கே படிப்பது? மங்களூரின் யெனெபோயா பல்கலைக்கழகத்தில் அறவியல் மையம் இருக்கிறது. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி இந்தப் பாடத்தை நெடுங்காலமாகக் கற்பித்து வருகிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுதமேனன் மையம் பொதுச் சுகாதாரத்தின் வழியாக இதற்குள் நுழைய நல்ல இடம். சேருவதற்கு முன்பே, மும்பையிலிருந்து 1993 முதல் வருகிற 'இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் எதிக்ஸ்' இதழின் பழைய பிரதிகளைப் படிக்கத் தொடங்குங்கள். இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. நம் நாட்டு விவகாரங்களை நம் நாட்டவரே எழுதியது. கோட்பாட்டு நூல்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

டாக்டர் இல்லாதவருக்கு இடம் உண்டா என்ற சந்தேகத்துக்கு விதிகளிலேயே விடை இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகள்படி, மனிதர்களை வைத்து ஆய்வு நடக்கும் நிறுவனத்தில் இருக்க வேண்டிய நெறிமுறைக் குழுவில் 7 முதல் 15 பேர் வரை இருப்பார்கள். தலைவர் அந்த நிறுவனத்துக்கு வெளியே இருந்து வரவேண்டும். சட்டம் தெரிந்தவர், சமூக அறிவியலாளர், சாதாரணப் பொதுமக்களில் ஒருவர் ஆகியோரும் வேண்டும். உங்கள் ஊரிலுள்ள மருத்துவக் கல்லூரியில் அந்தச் சமூக அறிவியலாளர் யார் என்று விசாரித்து, அவரிடம் ஒருநாள் பேசிவிட்டு வாருங்கள்.

கடைசியாக, சிறுநீரகம் விற்றவர்களிடமே ஆய்வு செய்ய நினைத்தால் ஒன்றை மறக்காதீர்கள். இன்றைய சட்டத்தில் பணத்துக்கு உறுப்பு கொடுத்தவரும் குற்றவாளிதான். 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, 20 லட்சத்துக்குக் குறையாத அபராதம். உங்கள் ஒலிப்பதிவு ஒருநாள் அவருக்கு எதிரான சாட்சியமாகலாம். பெயரை மட்டும் மாற்றினால் போதாது. தெரு, தறிக்கூடம், பிள்ளைகளின் எண்ணிக்கை, ஆபரேஷன் நடந்த மாதம் ஆகியவற்றை வைத்தும் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். கையெழுத்து கேட்காதீர்கள். புரோக்கர் நீட்டிய தாளில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுப் பட்டவர்கள் அவர்கள், நீங்கள் கேட்கும் கையெழுத்து அவர்களை அடையாளம் காட்டும் ஆவணமாகவும் மாறும். வாய்மொழிச் சம்மதம் போதும் என்று காரணத்தோடு நெறிமுறைக் குழுவிடம் விண்ணப்பியுங்கள், விதிகளில் அதற்கு இடமிருக்கிறது. பேட்டிக்காக இழக்கும் ஒருநாள் கூலியைக் கொடுக்கலாம், அதற்கு மேல் கொடுத்தால் பணத்துக்காகவே பேசுகிற நிலை வரும். பேச்சின் நடுவில் வலி, கால் வீக்கம் என்று சொன்னால் யாரிடம் அனுப்புவது என்பதையும் முன்கூட்டியே ஒரு சிறுநீரக மருத்துவரிடம் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். குழுவின் ஒப்புதல் வரச் சில மாதங்கள்கூட ஆகும். எம்.ஏ. தேர்வு முடியும் வரை காத்திருக்காமல் இப்போதே முன்வரைவை எழுதத் தொடங்கலாம்.